இருபதுக்கு நாலு

மைதாப் பசை கொதிக்கும்போது இரண்டு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும். போடாவிட்டால் கரப்பான் பூச்சி புத்தகத்தை விருந்தாக்கிக்கொள்ளும். கூடப் போட்டால் காகிதத்தில் பச்சை பாரிக்கும். அந்த அளவு சரியாகத் தெரிந்தவர்கள் மயிலாப்பூரில் இரண்டே பேர் என்று பைண்டர் வலியுல்லா சொல்லுவார். ஒருவர் அவர். மற்றவர் யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாயிற்று என்பார்.

கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலுக்குப் பின்னால் போகும் சந்தில் அவர் வீடு. முன்கூடம் பட்டறை. நடுவில் ஒரு சாக்குத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் மனைவி மைமூன்பீயும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து அச்சடித்து வந்த ஃபாரங்களை மடிப்பார்கள், தைப்பார்கள். தைத்தது திரைக்கு அடியில் இந்தப் பக்கம் நகர்ந்து வரும். அவர் அட்டை போட்டு, காலிகோத் துணி ஒட்டி, பிரஸ்ஸில் வைத்துத் திருகுவார். மாட வீதி வக்கீல்களின் சட்டப் புத்தகங்களெல்லாம் இந்தச் சாக்குத் திரைக்கு அடியில் தவழ்ந்து வந்தவைதான். அது அந்த வக்கீல்களுக்குத் தெரியாது.

வலியுல்லாவுக்கு எழுத்து தெரியாது. எண் மட்டும் தெரியும். சட்டப் புத்தகத்துக்கு அது போதும். மாதப் பத்திரிகைகளைப் பிரித்து வருஷக் கட்டாகக் கட்டும்போதுதான் வம்பு. மாதத்துக்கு மாதம் ஒன்றிலிருந்து எண் போட்டிருப்பான். எந்த ஒன்று எந்த மாதத்து ஒன்று என்று எப்படித் தெரியும்? ஒருதரம் ஆவணி மாதத்துக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் புரட்டாசியில் போகும்படி ஒரு தொடர்கதையை அவர் கட்டிக் கொடுத்துவிட, கட்டு திரும்பி வந்தது. அதிலிருந்து மூத்த மகள் சகினாவுக்கு ஒரு வேலை கூடிற்று. ஒரு பக்கத்தின் கடைசி வரியையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் உரக்கப் படித்து, கதை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு வரியோடு யாரால் நிறுத்த முடியும்? நாளாக ஆக அவள் முழுக் கதையையும் வாசித்தாள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அப்படி ஒரு குரல். கூச்சல் இல்லை, குழைவு இல்லை, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து காதில் உட்காரும். மாமியார் பேசினால் மாமியாராகப் பேசுவாள். மீன்காரி வந்தால், சந்தில் தினம் வருகிற தேசம்மாவின் கரகரப்பை அப்படியே எடுத்து விடுவாள். ஐயர் வீட்டு அம்மாள் வந்தால், சின்னவளாக அத்தா வலியுல்லாவோடு புத்தகம் கொடுக்கப் போன காலத்தில் கேட்டுவைத்த வடக்கு மாட வீதி மாமியின் மூக்குப் பேச்சு வரும். தேசம்மாவே சில நாள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். கதையில் ஒரு தாய் செத்த அன்றைக்கு இரண்டு வவ்வால் மீனைச் சும்மா கொடுத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே போனாள்.

"நிறுத்தாத கண்ணு," என்பார் வலியுல்லா திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து. மகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நீ வாசிச்சிக்கினு இருந்தா கை தானா ஓடுது."

சகினா படித்த பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் தோல் வியாபாரி ஷரஃபுதீன் சாயபு வீட்டு மச்சில் நடந்தது. அந்நிய ஆண் கண்ணில் படாத கோஷாப் பெண்களுக்கான பள்ளிக்கூடம். ஐந்து கிளாஸ், நாற்பது பெண்கள், எல்லாருக்கும் ஒரே ஆசிரியை, வஜீஹா உஸ்தானி. புருஷனை இழந்தவள், முப்பது வயதுக்காரி. மச்சுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவள் வீடு. பள்ளிக்கூடம் போனால் அறையும் போகும். பிறகு ஆம்பூரில் அண்ணன் வீட்டு அடுப்படிதான் என்று அவளுக்குத் தெரியும், பெண்களுக்கும் தெரியும்.

ஐந்தாம் கிளாஸுக்கு மேல் கோஷாவோடு படிக்கப் பக்கத்தில் இடம் கிடையாது. பட்டணத்தின் அந்தக் கோடியில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. வருஷத்துக்கு ஒரு பெண்ணை இன்ஸ்பெக்ஷனில் பொறுக்கி எடுத்து அதற்கு அனுப்புவார்கள். காலையில் திரை போட்ட வண்டி வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். மூன்று வருஷத்தில் உஸ்தானியாகத் திரும்பலாம். சகினா இரண்டு வருஷமாக அந்த வண்டிக் கனவோடுதான் தூங்கி எழுந்தாள். அது தவறினால் சாக்குத் திரையும் ஊசியும்தான் என்பதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வலியுல்லாவும் தம்பட்டம் அடிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் தேசம்மாவிடம் மட்டும் ஒருநாள், "எங்க கண்ணு வாயத் தொறந்தா தொரையே எழுந்து நிப்பான்," என்று சொல்லிவிட்டார்.

முப்பத்திரண்டாம் வருஷம் பங்குனி மாதம் இன்ஸ்பெக்ஷன் வந்தது. வழக்கமாக வரும் இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு உடம்பு சுகமில்லை. பதிலுக்கு ஆண் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று நாலு நாள் முன்னால் கடுதாசி வந்தது. உஸ்தானிக்குக் கை கால் ஓடவில்லை. மூன்று படுக்கை விரிப்புகளை ஒன்றாகத் தைத்து மச்சில் குறுக்கே கட்டினார்கள். தைத்தவள் சகினாதான். பைண்டிங் தையல், பிரிகிற பேச்சே இல்லை.

இன்ஸ்பெக்டர் மயிலாப்பூர்க்காரர், ஐயர். நல்ல மனிதர். அதுதான் கஷ்டமாகப் போயிற்று. அவர் திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, ஐந்தாம் கிளாஸ் ஐந்து பேரையும் திரைக்குப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். அவர்களோடு உஸ்தானியும் உட்கார்ந்தாள்.

"மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கறதைக் கிளிப்பிள்ளையும் செய்யும்," என்றார். "நான் ஆளுக்கு ஒரு விஷயம் சொல்லுவேன். அதைப் பத்தி ஐந்து நிமிஷம் தமிழிலே பேசணும். குரலுக்கு ஐந்து, தெளிவுக்கு ஐந்து, கோர்வைக்கு ஐந்து, தைரியத்துக்கு ஐந்து. எட்டு வாங்கினால் பாஸ். முகத்தைப் பார்க்காம மார்க் போடறது எனக்கும் புதுசு. அதனாலே காதைத் தீட்டி வெச்சுண்டிருக்கேன்."

உஸ்தானி இரண்டு மாதமாகப் பசுவைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் மனப்பாடம் செய்ய வைத்ததெல்லாம் அந்த நிமிஷம் போயிற்று. ஐந்து பேரில் நாலு பேர் வீட்டில் உருது பேசுகிறவர்கள். கடைக்காரனிடம் உப்பு கேட்கும் அளவுக்குத்தான் அவர்களுக்குத் தமிழ். ஐந்தில் நாலு பேராவது தேறாவிட்டால் பள்ளிக்கூடத்தின் அங்கீகாரமே போய்விடும் என்று போன வருஷமே எச்சரித்திருந்தார்கள்.

ரிஜிஸ்டரில் முதல் பெயர் வீட்டுக்காரர் ஷரஃபுதீன் சாயபுவின் மகள் நூருன்னிஸா. அவளுக்கு மழைக்காலத்தைப் பற்றிப் பேசச் சொன்னார் இன்ஸ்பெக்டர். நூருன்னிஸா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது. அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. உஸ்தானி சகினாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆம்பூர் அடுப்படி முழுவதும் இருந்தது.

சகினா பேச ஆரம்பித்தாள். அவள் ஒன்றும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அழுகிற தோழிக்கு ஒரு கை கொடுப்பதாகத்தான் நினைத்தாள். மழைக்காலத்தில் கபாலி கோயில் குளம் படி மூழ்கி நிற்பது, சந்தில் ஓடுகிற தண்ணீரில் யார் வீட்டுச் செருப்போ யார் வீட்டுக்கோ போய்ச் சேருவது, மீன்காரி கூடைக்கு ஓலை மூடித் தான் நனைந்துகொண்டு வருவது எல்லாவற்றையும் சொன்னாள்.

"பேஷ்," என்றார் இன்ஸ்பெக்டர். "இருபதுக்குப் பத்தொன்பது போட்டிருக்கேன். ஒரு மார்க்கைக் கண் படாம இருக்கக் குறைச்சிருக்கேன்."

உஸ்தானி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஊமையாய் அழுதாள். நூருன்னிஸா சகினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சகினாவுக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகவே இருந்தது. பிறகுதான் உறைத்தது. தன்னிடம் இருந்த ஒரே சொந்தக் குரலை நூருன்னிஸா பெயரில் கொடுத்தாகிவிட்டது. தன் பெயர் வரும்போது எதைக் கொடுப்பாள்?

யோசிக்க நேரம் இல்லை. அடுத்த பெண் ஹபீபாவுக்குக் கடைத்தெரு. அவளும் திருதிருவென்று விழித்தாள். ஒருத்திக்குச் செய்துவிட்டு இன்னொருத்திக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சகினா தேசம்மாவின் தொண்டையை வாங்கிக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றி வந்தாள். பதின்மூன்று மார்க். குரல் கொஞ்சம் முரடு என்றார் இன்ஸ்பெக்டர். மூன்றாவது பெண்ணுக்கு விருந்து. மிச்சமிருந்தது மாட வீதி மாமியின் குரல்தான். பிரியாணியைப் பற்றி மூக்கால் பேசினாள். இன்ஸ்பெக்டர் குழம்பிப் போனார்.

"இந்தக் குழந்தை எங்க மனுஷா மாதிரின்னா பேசறது. எங்கே கத்துண்டது?"

பக்கத்து வீட்டில் ஐயர்மார் குடியிருக்கிறார்கள் என்று உஸ்தானி திரைக்குள்ளிருந்து சொன்னாள். நாலு பக்கமும் தோல் மண்டிக்காரர்கள் இருக்கிற தெரு அது. பன்னிரண்டு மார்க் விழுந்தது. நாலாவது பெண் தைரியசாலி. தெரிந்த தமிழையும் தெரியாத தமிழையும் கலந்து தானே பேசி ஒன்பது வாங்கினாள்.

"சகினா பீ," என்று கூப்பிட்டார் இன்ஸ்பெக்டர். "உன் தகப்பனார் செய்கிற தொழிலைப் பத்திச் சொல்லு."

உலகத்தில் இருக்கிற விஷயம் எல்லாம் போக, அவளுக்கென்று வந்து விழுந்தது அதுதான். பசை, துத்தம், ஊசி, நூல், திரைக்கு அடியில் போகிற புத்தகம், ஆவணியில் நடந்த கல்யாணத்துக்குப் புரட்டாசியில் பெண் பார்த்த கதை. எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. மூச்சை இழுத்தாள். உஸ்தானியின் கை அவள் முழங்கையைப் பற்றியது.

"நாலு பேர் ஆயிடிச்சி," என்றாள் உஸ்தானி, காதோடு காதாக. "போதும். உன் குரல் மறுபடி கேட்டா எல்லாம் போச்சி. அல்லாவுக்காக, சகினா."

சகினா அந்தக் கையைப் பார்த்தாள். பின்னால் சுவரோரம் சின்னக் கிளாஸ் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் இரண்டாம் கிளாஸில் அவள் தங்கையும் இருந்தாள். இவள் பேசப்போகிறாள் என்று வாயெல்லாம் பல்லாகக் காத்திருந்தாள். சகினா தொண்டையை இறுக்கிக்கொண்டாள். எலிக்குஞ்சுக் குரல் ஒன்று வந்தது. என் தகப்பனார் புத்தகம் கட்டுகிறார். பசை காய்ச்சுவார். புத்தகம் நன்றாக இருக்கும். அதோடு நிறுத்தினாள்.

"இன்னும் ஏதாவது உண்டா, அம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் நிஜமாகவே காத்திருந்தார். அந்தப் பொறுமை அவளுக்குத் தாங்கவில்லை.

"இல்லீங்க."

பேனா கொஞ்சமாகக் கீறிற்று. நாலு என்று எழுத அவ்வளவு நேரம் போதும்.

மறுநாள் ஷரஃபுதீன் சாயபு வீட்டிலிருந்து சந்து முழுவதற்கும் ஜர்தா வந்தது. குங்குமப்பூவும் முந்திரியும் போட்ட சர்க்கரைச் சோறு. மகளுக்குப் பத்தொன்பது மார்க், பயிற்சிப் பள்ளிக்கு அவள் பெயரைத்தான் எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று சாயபு ஜும்மாத் தொழுகைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அனுப்பத்தான் போகிறேன், காலம் மாறிவிட்டது என்றாராம். பாவம், நூருன்னிஸா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று வேலைக்காரி சொன்னாள். வண்டி வரப்போகிறதே என்கிற பயம். வண்டி வேண்டியவளுக்கு வரவில்லை, வேண்டாதவளுக்கு வருகிறது. அந்த மச்சில் நடந்தது இவ்வளவுதான்.

மைமூன்பீ தட்டை மகள் முன்னால் வைத்தாள். "துன்னு. அவ ஜெயிச்சா இன்னா, நீ ஜெயிச்சா இன்னா, ஒண்ணாப் படிச்ச பொண்ணுங்கதானே."

சகினா தின்றாள். தின்னாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். உஸ்தானி அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். தங்கையையும் மிரட்டி வைத்திருந்தாள். இந்த விஷயம் திரையைத் தாண்டினால் நாற்பது பெண்களும் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வலியுல்லா மகளை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று அட்டையை அளவுக்குச் சின்னதாக வெட்டிவிட்டார். சாயங்காலம் பசைச் சட்டியைக் கழுவிக்கொண்டே மனைவியிடம் சொன்னது திரைக்குப் பின்னால் சகினாவுக்கு நன்றாகக் கேட்டது. "வூட்ல இவ்ளோ வாயி. அங்க போயி இன்னா ஆச்சி? பெரிய மனுசனைப் பாத்ததும் நம்ம புத்தி வந்துட்ச்சி. நம்ம கொலமே அப்டித்தான், மைமூனு. பின்னாடி ஒக்காந்து தெக்கறதுக்குத்தான் லாயக்கு." கோபமாகச் சொல்லவில்லை. தன்னைத்தான் நொந்துகொண்டார். அதைவிடப் பளாரென்று அறைந்திருக்கலாம் என்று சகினாவுக்கு இருந்தது.

அதற்கப்புறம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஐந்தாம் கிளாஸ் முடிந்துவிட்டதே. சித்திரையும் வைகாசியும் கொளுத்தின. காய்ச்சிய பசை மதியத்துக்குள் புளித்தது. தையல் ஊசி வியர்வையில் வழுக்கியது. திரைக்குப் பின்னால் காற்று வராது. பக்கங்களை அவள் வாசித்துக்கொண்டுதான் இருந்தாள். அது ஒன்றுதான் பாக்கி.

ஆனி பிறந்து ஒரு வாரம் இருக்கும். அன்று காலையில் அவள் ஒரு பழைய பத்திரிகைக் கட்டைப் பிரித்து வைத்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். காவேரியில் வெள்ளம் வந்து ஒரு குடும்பம் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் கட்டம். வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. வக்கீல் வீட்டு ஆள் யாராவது இருக்கும் என்று அவள் நிறுத்தவில்லை. அத்தா வாங்க ஐயா என்று சொன்னதும், யாரோ கட்டைக் கீழே வைத்ததும் கேட்டன. வருஷக் கணக்கில் சேர்ந்த பத்திரிகை, நல்ல காலிகோவாகப் போட வேண்டும் என்று ஒரு குரல் சொன்னது.

சகினாவின் வாய் அப்படியே நின்றது. அவர் காதைத் தீட்டி வைத்திருந்தாரென்றால் அவள் மட்டும் என்ன, அந்தக் குரலை அவள் எப்படி மறப்பாள்?

ஆனால் அவள் நிறுத்துவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. இன்ஸ்பெக்டர் பாதிப் பேச்சில் திரைப் பக்கம் திரும்பிவிட்டார்.

"உள்ளே வாசிச்சது யாரு?" என்றார். "இந்தக் குரலை நான் கேட்டிருக்கேனே."

வலியுல்லா தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. மகளைப் பற்றிச் சொல்லக் கடைசியில் ஒரு வாய்ப்பு வந்துவிட்டது அவருக்கு. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்ததை இப்போது சொல்லிவிடுவார். என் மகள், ஐயா. நீங்கள் நாலு மார்க் போட்டீர்களே, அவள்தான். அந்த வார்த்தைகள் வாசலில் விழுந்தால் இந்த நல்ல மனிதர் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தபின் எழுதாமல் இருக்க அவருக்கு வராது. ஒருவேளை அந்த வண்டி அவளுக்கே வரலாம். உஸ்தானி ஆம்பூர் ரயில் ஏறுவாள். மச்சுக்குப் பூட்டு விழும். தங்கை பலகையைப் பரணில் போட்டுவிட்டு நாள் முழுவதும் ஊசியோடு உட்காருவாள்.

"நூருன்னிஸா," என்றாள் சகினா, அத்தா வாயைத் திறப்பதற்குள். தன் சொந்தக் குரலில், தெளிவாகத்தான் சொன்னாள்.

பட்டறையில் கத்தியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அதானே பார்த்தேன்," என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர். "பத்தொன்பது மார்க். மழைக்காலம். சாயபு வீட்டுக் குழந்தை இங்கே எப்படி?"

திரைக்குப் பின்னால் மைமூன்பீ ஊசியும் கையுமாக மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சகினா கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது அவளுக்கும் முகம் தெரியாது. குரல் மட்டும்தான்.

வலியுல்லா பேச எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு ஃபாரம் தைத்திருக்கலாம்.

"ஆமாங்க ஐயா," என்றார். "சாயபு வூட்டுப் பொண்ணுதாங்க. நம்ம மவளுக்கு வாசிக்க வராதுங்க. அதான் இந்தக் கொழந்த வந்து சொல்லிக் குடுத்துக்கினு கீது."

"உம்ம பெண்… சகினாதானே? நாலு மார்க். எனக்கே மனசு கேட்கலை." அவர் குரல் தாழ்ந்தது. "மனசுலே வெச்சுக்காதேயும். எல்லாருக்கும் குரல் வாய்க்காது."

"வாய்க்காதுங்க," என்றார் வலியுல்லா.

பிறகு இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்து, உத்தரவு வந்துவிட்டது, அடுத்த மாதம் வண்டி வரும், இந்தக் குரலை வீட்டுக்குள் பூட்டி வைத்துவிடாதே அம்மா என்றார். சரிங்க என்றாள் சகினா. ரிக்ஷா திரும்பிக் கச்சேரி ரோட்டுப் பக்கம் போயிற்று.

அத்தா பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. குரல் நடுங்கவில்லை, சொல் தடுக்கவில்லை, கோர்வை பிசகவில்லை. தைரியத்துக்கும் குறை சொல்ல முடியாது. கையில் பேனா இருந்திருந்தால் அவள் இருபதுக்கு இருபது போட்டிருப்பாள்.

பட்டறையில் ரொம்ப நேரம் கத்தியும் ஓடவில்லை, பிரஸ்ஸும் ஓடவில்லை. சட்டியில் பசை ஆறி ஏடு கட்டியிருக்கும். திரைக்கு அடியில் அவர் கால்கள் வந்து நிற்பது தெரிந்தது. திரையை விலக்கவில்லை.

"எங்க வுட்டியோ அங்கேர்ந்து வாசி, சகினா," என்றார்.

அவர் வாயால் அந்தப் பெயரை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. வெள்ளத்தில் கூரைமேல் உட்கார்ந்திருந்த குடும்பம் மடியிலேயே இருந்தது. அவள் விட்ட வரியில் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். யார் குரலில் வாசிப்பது என்று தெரியவில்லை.